கேட்டால் பிடிக்கவில்லை, வாக்கு மட்டும் அவருக்கே: அமெரிக்க வாக்காளரும் சொந்தக் கட்சி அதிபரும்

கேள்வி: அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு எடுத்தால் சொந்தக் கட்சிக்காரர்களே தங்கள் அதிபரைக் குறை சொல்கிறார்கள், வேறு ஆள் வேண்டும் என்கிறார்கள். தேர்தல் நாளில் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அவருக்கே போடுகிறார்கள். இந்த அதிருப்தி நிஜமா, சும்மா வாய்ப்பேச்சா?

நிஜம்தான். அதைத் தேடுகிற இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள்.

2022 அக்டோபரில் மிச்சிகனில் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்ட தன்னார்வலர்களில் நானும் ஒருவன். மாநில ஆளுநர் தேர்தலும், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தேர்தலும் சேர்ந்து வந்த வருடம். ஜனநாயகக் கட்சிப் பிரசாரங்களில் மினிவேன் என்ற செயலியைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கதவைத் தட்டி, பேசி முடித்ததும் அந்த வீட்டுக்காரருக்கு 1 முதல் 5 வரை ஓர் எண் போட வேண்டும். 1 என்றால் நம்ம ஆள். 5 என்றால் அந்தப் பக்கம். 3 மதில்மேல் பூனை.

கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். கட்சிப் பெயரைச் சொன்னதுமே அப்போதைய அதிபர் பைடனைப் பிடித்துக்கொண்டார். பெட்ரோல் விலை, மளிகைச் செலவு, ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறிய லட்சணம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வயது. "என்னைவிட மூத்தவர். நானே மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறேன். இவர் எதற்கு இன்னொரு தடவை நிற்கணும்?" என்றார். நான் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் செயலியில் 3 போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். "என்ன போடுகிறாய்?" சொன்னேன். முகம் மாறிவிட்டது. "மூன்றா? ஐம்பது வருஷமாக இந்தக் கட்சிக்குப் போடுகிறேன். ஒன்று போடு."

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த வாசற்படியிலேயே இருக்கிறது. அவர் என்னிடம் பைடனைத் திட்டியது, நான் நம்ம ஆள் என்பதால். குடியரசுக் கட்சிக்காரர் யாராவது கதவைத் தட்டியிருந்தால் இதே மனிதர் பைடனுக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசியிருப்பார். வீட்டுச் சண்டை வேறு, வீதிச் சண்டை வேறு. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

அதே வருடம் ஜூலையில் நியூயார்க் டைம்ஸும் சியனா கல்லூரியும் சேர்ந்து எடுத்த கணிப்பில் இது எண்ணாகவே வந்தது. ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் 64 சதவீதம் பேர் 2024க்கு பைடன் வேண்டாம், வேறு யாராவது நிற்கட்டும் என்றார்கள். 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் அது 94 சதவீதம். காரணம் கேட்டபோது வயது என்று சொன்னவர்களும், வேலை சரியில்லை என்று சொன்னவர்களும் ஏறக்குறைய சமம், தலா மூன்றில் ஒரு பங்கு. அடுத்த கேள்வி: பைடனும் டிரம்பும் நின்றால்? 92 சதவீதம் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பைடன் என்றார்கள். பைடனே அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: என்னைக் கடவுளோடு ஒப்பிடாதீர்கள், எனக்கு மாற்றாக நிற்பவரோடு ஒப்பிடுங்கள் என்று. அந்தக் கணிப்பில் முதல் கேள்வி அவரைக் கடவுளோடு ஒப்பிட்டது, இரண்டாவது மாற்று ஆளோடு. மனிதர்கள் மாறவில்லை, கேள்விதான் மாறியது.

நான்கு மாதம் கழித்து நவம்பரில், வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த தேசியக் கணிப்பில் இன்னொரு விசித்திரம். அதிபரின் செயல்பாட்டில் ஓரளவு அதிருப்தி என்று சொன்னவர்கள் மத்தியில் ஜனநாயகக் கட்சி 49க்கு 45 என்று முந்தியது. அதிபர்மேல் வருத்தம் இருந்தவர்கள் அவர் கட்சிக்கே கூடுதலாகப் போட்டார்கள்! பெரிய அலை அடித்துச் சாய்க்கும் என்று எதிர்பார்த்த தேர்தலில் அக்கட்சி பிரதிநிதிகள் சபையில் 9 இடங்களை மட்டுமே இழந்தது. செனட்டில் ஓர் இடம் கூடுதலாகவே கிடைத்தது. என் கார் ஆலைப் பெரியவரைப் போன்றவர்கள்தான் அந்த 49க்குள் இருந்தவர்கள்.

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எட்டு பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி மிக எளிமையானது: அதிபராக இவர் தம் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, இல்லையா? ஒரே கேள்விதான், ஆனால் இரண்டு விதமாகக் காதில் விழுகிறது. எதிர்க்கட்சிக்காரருக்கு அது "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கிறது. 1950களில் ஐசனோவர் அதிபராக இருந்த காலத்தில் எதிர்க்கட்சி வாக்காளர்களில் சராசரியாகப் பாதிப் பேர் அவர் வேலையை ஏற்றார்கள். டிரம்பின் முதல் நான்கு ஆண்டுகளில் அது சராசரி 7 சதவீதம். ஐசனோவரைவிட டிரம்ப் ஏழு மடங்கு மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை, கேள்வியின் பொருளே அவர்களுக்கு மாறிவிட்டது. சொந்தக் கட்சிக்காரருக்கோ அது "அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்கிறது. ஆகவே அவர் தரும் "இல்லை"யில் பாதி முறையீடு. குழம்பில் உப்பு இல்லை என்று வீட்டில் சொல்பவர் வீட்டைவிட்டுப் போகிறேன் என்று சொல்லவில்லையே.

இதற்கு அமைப்பும் ஒரு காரணம். நாடாளுமன்ற முறை உள்ள நாட்டில் கட்சிக்கே தலைவர் அலுத்துவிட்டால் உறுப்பினர்கள் கூடி ஆளை மாற்றிவிடலாம். 1990ல் மார்கரெட் தாட்சருக்கு அவர் கட்சி எம்.பி.க்களே அதைச் செய்தார்கள். அமெரிக்காவில் நான்கு வருடம் என்றால் நான்கு வருடம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாது. பதவிநீக்கம் என்பது குற்றத்துக்கான வழி, சலிப்புக்கானது இல்லை. நாலு வருடம் கழித்து வரும் பிரைமரியில், அதாவது உட்கட்சித் தேர்தலில், சவால்விடலாம். ஆனால் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறுபடி நிற்க விரும்பியும் கட்சி வேட்புமனுவை மறுத்த ஒரே அதிபர் ஃபிராங்க்ளின் பியர்ஸ். அது 1856. அதற்குப் பிறகு யாருக்கும் நடக்கவில்லை. வெளியேறும் கதவே இல்லாத வீட்டில் கோபம் சத்தமாகத்தான் வெளிவரும்.

இனி, அதிருப்தி என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதில் எதிரும் புதிருமான இரண்டு கூட்டங்கள் இருப்பதைப் பற்றி. இதைப் பலர் கவனிப்பதில்லை, கவனிக்காததால் பெரிய தப்புக்கணக்குகள் நடந்திருக்கின்றன. மிகப் பிரபலமானது 1968.

அந்த மார்ச் 12ல் நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரி. வியட்நாமில் கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் என்ற பெரும் தாக்குதல் தொடங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை. அவர் ஆட்கள் வாக்காளர்களை அவர் பெயரைக் கையால் எழுதிப் போடச் சொன்னார்கள். எதிரே போர் எதிர்ப்பாளரான செனட்டர் யூஜின் மெக்கார்த்தி. அவருக்காகக் கல்லூரி மாணவர்கள் பனியில் வீடு வீடாகப் போனார்கள். ஜான்சனுக்கு ஏறக்குறைய 49 சதவீதம், மெக்கார்த்திக்கு 42. ஜான்சன்தான் ஜெயித்தார். ஆனால் நாடு முழுக்க அதைத் தோல்வியாகவே படித்தார்கள். வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்கான பிரதிநிதி இடங்களுக்கு ஜான்சன் தரப்பில் அளவுக்கு மீறி ஆட்கள் நின்று வாக்கைப் பிரித்துக்கொண்டதால், பிரதிநிதிகள் 24 பேரில் 20 பேர் மெக்கார்த்திக்குப் போனது வேறு கதை. நான்கு நாளில் அதே கட்சியின் செனட்டர் ராபர்ட் கென்னடியும் களத்தில் குதித்தார். மார்ச் 31 இரவு தொலைக்காட்சியில் வந்த ஜான்சன், மறுபடி நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

போர் எதிர்ப்பு அலை ஓர் அதிபரைச் சாய்த்தது என்றுதான் இன்றுவரை பலரும் சொல்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுவருடம் வெளியிட்ட ஆய்வில் பார்த்தால், நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கார்த்திக்குப் போட்டவர்களில் ஜான்சன் போரை இன்னும் கடுமையாக நடத்தவில்லை என்று கோபப்பட்டவர்கள்தான் அதிகம். போரை விட்டு வெளியேறச் சொன்னவர்களைவிட அவர்கள் கிட்டத்தட்ட மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கூடுதல்! போரை நிறுத்தச் சொன்ன வேட்பாளருக்கு, போரைத் தீவிரமாக்கச் சொன்னவர்கள் வாக்களித்திருக்கிறார்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம், இல்லை. அவர்களுக்கு மெக்கார்த்தி யார் என்பதே முக்கியமில்லை. ஜான்சன் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும், கையில் கிடைத்த ஒரே தடி மெக்கார்த்தி. அதன் பிறகு அவர்களில் ஒரு பகுதியினர் நவம்பரில் போனது, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்க வேண்டும் என்ற ஜார்ஜ் வாலஸ் பக்கம்.

அதே வகைக் கலவை 2010ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்போதும் வந்தது. சட்டம் நிறைவேறிய அந்த மார்ச்சில் சிஎன்என் கணிப்பில் 59 சதவீதம் பேர் எதிர்ப்பு. தலைப்புச் செய்தி அதோடு முடிந்துவிட்டது. உள்ளே பிரித்துப் பார்த்தால் 43 சதவீதம் பேர் சட்டம் அளவுக்கு மீறி இடதுசாரித்தனமானது என்றவர்கள். இன்னொரு 13 சதவீதம் பேர், போதுமான அளவு இடதுசாரித்தனம் இல்லை என்றவர்கள். அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டம் கைவிடப்பட்டதில் மனம் கசந்தவர்கள் அவர்கள். இவர்களையும் அவர்களையும் ஒரே கூடையில் போட்டு "மக்கள் எதிர்ப்பு" என்று எழுதினால், அதைப் படிக்கும் அதிபர் எந்தப் பக்கம் நகர்வார்? எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு கூட்டத்தைத் தள்ளிவிடுவார். சொந்தக் கட்சியில் 30 சதவீதம் பேருக்குத் திருப்தியில்லை என்று ஒரு கணிப்பு சொன்னால், நான் முதலில் கேட்பது எந்தத் திசையில் என்பதைத்தான். பெரும்பாலான கணிப்புகளில் அந்தக் கேள்வியே இருக்காது.

அடுத்த பெரிய உதாரணம் 1980. ஜிம்மி கார்ட்டர் மேல் அவர் கட்சிக்காரர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. பணவீக்கம், பெட்ரோல் பங்க் வரிசைகள். 1979ல் கணிப்புகளில் ராபர்ட்டின் தம்பியான செனட்டர் டெட் கென்னடி வெகுதூரம் முன்னால். பிறகு நவம்பர் 4 வந்தது. அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். அதே நாள் இரவு சிபிஎஸ் தொலைக்காட்சியில் ரோஜர் மட் எடுத்த நேர்காணல் ஒளிபரப்பானது. ஏன் அதிபராக விரும்புகிறீர்கள் என்ற சாதாரணக் கேள்விக்குக் கென்னடி தட்டுத்தடுமாறினார். நாட்டுக்கு ஆபத்து என்றதும் கட்சிக்காரர்கள் கார்ட்டர் பின்னால் திரண்டார்கள். அயோவா உட்கட்சித் தேர்தலில் கார்ட்டருக்கு 59 சதவீதம், கென்னடிக்கு 31.

எனக்கு இதில் சுவாரசியமான இடம் அதற்கப்புறம்தான். கென்னடி ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்துபோன பிறகு, மார்ச் கடைசியில் நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும், ஜூனில் கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் அவரை ஜெயிக்க வைத்தார்கள். வேட்பாளராக அவர் வந்துவிடுவாரோ என்ற பயம் நீங்கியதும், கார்ட்டருக்குச் செய்தி அனுப்ப அவர் பாதுகாப்பான தபால்பெட்டியாகிவிட்டார். ஆகஸ்ட் மாநாட்டு மேடையில் கார்ட்டர் கென்னடியின் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. இருவரும் கைகளை உயர்த்திப் பிடித்து நிற்கும் படம் அவருக்கு வேண்டியிருந்தது. கென்னடி ஒரு கைகுலுக்கலோடு நிறுத்திக்கொண்டார். நவம்பரில் மாநிலவாரித் தேர்வாளர் வாக்குகளில் குடியரசுக் கட்சியின் ரீகன் 489, கார்ட்டர் 49. ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ரீகனுக்குப் போட்டார்கள். எங்கள் மிச்சிகனின் மக்கோம் கவுண்டி கார் தொழிலாளர்கள்தான் பிறகு "ரீகன் டெமாக்ரட்" என்ற பெயருக்கே முகமானார்கள்.

கென்னடிதான் கார்ட்டரைக் கெடுத்தார் என்று இன்றும் சிலர் சொல்வார்கள். இதே பாணியில் 1976ல் ரீகன் அதிபர் ஃபோர்டைக் கெடுத்தார் என்றும் (மாநாட்டில் 1187க்கு 1070 என்று மயிரிழையில்தான் ஃபோர்டு தப்பினார்), 1992ல் வலதுசாரி எழுத்தாளர் பாட் புக்கானன் அதிபர் மூத்த புஷ்ஷைக் கெடுத்தார் என்றும் சொல்வதுண்டு. 1952ல் நியூ ஹாம்ப்ஷயரில் தோற்ற கையோடு அதிபர் ட்ரூமன் ஒதுங்கியதையும் சேர்ப்பார்கள். என் கணிப்பில் காய்ச்சலையும் வெப்பமானியையும் குழப்பிக்கொள்கிற பேச்சு இது. செல்வாக்கான அதிபரை எதிர்த்து யாரும் பிரைமரியில் இறங்குவதில்லை. உள்ளே ஏற்கெனவே காய்ச்சல் இருந்ததால்தான் வெப்பமானி 103 காட்டியது.

1980க்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று அதிருப்தியாளர் வேலியைத் தாண்டினார். 2020ல் வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பின்படி இரு கட்சியிலும் 94 சதவீதம் பேர் தங்கள் வேட்பாளருக்கே போட்டார்கள். வேலி உயர்ந்துவிட்டது. காரணம் தங்கள் கட்சிமேல் காதல் கூடியதல்ல, அடுத்த கட்சிமேல் பயம் கூடியது. 2022ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் 62 சதவீதமும் ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 54 சதவீதமும் எதிர்க்கட்சியை மிக வெறுப்பதாகச் சொன்னார்கள். மேலும் அதிபருக்குப் போடும் வாக்கு அவர் ஒருவருக்கு மட்டும் போவதில்லை. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்கலியா இறந்து உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானது. டிரம்பின் பேச்சும் நடத்தையும் பிடிக்காத எத்தனையோ சுவிசேஷக் கிறிஸ்தவர்கள், அந்த ஒரு நாற்காலிக்காக அவருக்குப் போட்டார்கள். மூன்று நீதிபதிகளை அவர் நியமித்தார், 2022ல் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு கவிழ்ந்தது. அந்தப் பேரம் அவர்கள் கணக்கில் லாபம்தான். பிடிக்காத மாப்பிள்ளையானாலும் வீட்டுக்கு வேண்டியதைச் செய்கிறார் என்ற நிலை.

எதை மன்னிக்கிறார்கள், எதை மன்னிப்பதில்லை என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பதாக எனக்குப் படுகிறது. கைக்காசு போனால்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். 2018ல் டிரம்ப் சீனாவோடு வரிச் சண்டை தொடங்கியபோது சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீத வரி போட்டது. சீனாவுக்கான சோயா ஏற்றுமதி ஏறக்குறைய 12 பில்லியன் டாலரிலிருந்து ஒரே வருடத்தில் 3 பில்லியனுக்கு இறங்கியது. அரசு முதலில் 12 பில்லியன், அடுத்த வருடம் 16 பில்லியன் என்று உதவித்தொகை அறிவித்தது. உதவி வேண்டாம், சந்தையைத் திருப்பித் தாருங்கள் என்று அயோவா விவசாயிகள் வாய்விட்டுச் சொன்னார்கள். சொன்னவர்கள் 2020ல் என்ன செய்தார்கள்? அயோவாவை டிரம்ப் 8 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் எடுத்தார். 2024ல் அது 13 ஆனது. நமக்காகத்தான் சண்டை போடுகிறார், அடி நம்மேலும் விழுகிறது, அவ்வளவுதான் என்பது அவர்கள் பார்வை.

மூத்த புஷ்ஷுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1988 மாநாட்டில் "என் உதடுகளைப் படியுங்கள்: புதிய வரி கிடையாது" என்றார். 1990ல் ஜனநாயகக் கட்சியோடு உட்கார்ந்து பேசி வரியை ஏற்றினார். பொருளாதாரக் கணக்கில் அது தவறான முடிவு என்று சொல்ல முடியாது. வளைகுடாப் போர் முடிந்தபோது கேலப்பில் 89 சதவீதம் தொட்டவர் அவர். ஒரே வருடத்தில் நியூ ஹாம்ப்ஷயரில் புக்கானன் 37 சதவீதம் பிடித்தார். காசு போனதைவிட, எதிராளியோடு கைகுலுக்கித் தங்களை முட்டாளாக்கிவிட்டார் என்பதுதான் அவர்களைச் சுட்டது. இளைய புஷ்ஷுக்கும் அதே பாடம் கிடைத்தது. 2005ல் தம் வழக்கறிஞர் ஹேரியட் மையர்ஸை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தபோது எதிர்ப்பு வலதுசாரிகளிடமிருந்தே வந்து, மூன்றரை வாரத்தில் பெயரைத் திரும்பப் பெற வைத்தது.

தலைவர் எது சொன்னாலும் தொண்டர் தலையாட்டுவார் என்று நினைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. 2021 ஆகஸ்டில் அலபாமாவின் கல்மனில் நடந்த கூட்டத்தில் டிரம்ப், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், நானும் போட்டுக்கொண்டேன், நல்லது என்றார். அவருடைய சொந்தக் கூட்டத்திலிருந்தே கூச்சல் எழுந்தது. உடனே, உங்கள் சுதந்திரம் உங்களுக்கு என்று பின்வாங்கினார். அப்போது அவர் பதவியில் இல்லைதான். பதவியில் இருந்தபோதும் வந்தது: 2025ல் பாலியல் குற்றவாளியான பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் வழக்கு ஆவணங்களை வெளியிட மறுத்தபோது அவரைக் கொண்டாடியவர்களே கொதித்தார்கள். நெருங்கிய ஆதரவாளராக இருந்த எம்.பி. மார்ஜரி டெய்லர் கிரீனைத் துரோகி என்றார் அவர். கடைசியில் நவம்பரில் பிரதிநிதிகள் சபை 427க்கு 1 என்று வெளியீட்டுக்கு வாக்களித்தது. இந்தக் கோபம் நடுவில் நிற்கும் மிதவாதிகளிடமிருந்து வரவில்லை என்பதைக் கவனியுங்கள், மிக ஆழமான ஆதரவாளர்களிடமிருந்து வந்தது.

சரி, நவம்பரில் வேலி தாண்டுவதில்லை என்றால் அந்த அதிருப்தி எங்கேதான் போகிறது? பெரும்பாலும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. அதிபர் பெயர் சீட்டில் இல்லாத இடைக்காலத் தேர்தலில் அதற்கு வசதி அதிகம். 1994ல் கிளின்டன் கட்சி 54 இடங்களை இழந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் நாஃப்டா என்ற வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், சொந்தக் கட்சி உறுப்பினர்களில் 102 பேர் ஆதரவு, 156 பேர் எதிர்ப்பு என்ற நிலையில், எதிர்க்கட்சி வாக்குகளால் நிறைவேறியிருந்தது. தொழிற்சங்கங்கள் அதை மறக்கவில்லை. 2010ல் ஒபாமா கட்சி 63 இடங்களை இழந்தது. 2008ல் வாக்களித்தவர்களில் 18 சதவீதமாக இருந்த 30 வயதுக்குட்பட்டவர்கள் அந்த வருடம் 12 சதவீதம்தான். அவர்கள் எதிர்க்கட்சிக்குப் போகவில்லை. வரவேயில்லை. வராதவரிடம் யாரும் காரணம் கேட்டுக் குறித்துக்கொள்வதில்லை என்பதால் அந்த வாக்கு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

வேறொரு வழி, சீட்டிலேயே உள்ள காலி இடம். மிச்சிகன் பிரைமரி வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்களுக்குக் கீழே "யாருக்கும் உறுதியில்லை" என்ற வட்டமும் உண்டு. 2024 பிப்ரவரி 27ல் காசா போரில் பைடனின் நிலைப்பாட்டைக் கண்டித்து அதை நிரப்பச் சொன்னார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் நிரப்பினார்கள், 13 சதவீதம். அவர்களில் பலர் 2020ல் அதே பைடனுக்காக வீடு வீடாகப் போனவர்கள். எங்களுக்குக் கோபமே தவிர நவம்பரில் டிரம்புக்குப் போட மாட்டோம் என்று அன்று என்னிடம் சொன்னவர்களை நான் நம்பினேன். நம்பியது முழுக்கச் சரியில்லை. நவம்பரில், அரபு வம்சாவளியினர் நிறைந்த மிச்சிகனின் டியர்போர்ன் நகரில் டிரம்ப்தான் முந்தினார், பைடனுக்குப் பதிலாக நின்ற கமலா ஹாரிஸ் இரண்டாவது, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டீனுக்கும் கணிசமான வாக்கு. வேலி உயர்ந்துவிட்டது என்று மேலே எழுதினேனே, அது எல்லா ஊருக்கும் எல்லாக் கோபத்துக்கும் பொருந்தாது. மனிதர் சாகும் விஷயம் சோயா விலை மாதிரி இல்லை.

வயது விஷயம் அதைவிடச் சோகமான கதை. 2022லேயே 64 சதவீதம் பேர் சொல்லிவிட்டார்கள். சொன்னதைக் கொண்டுசேர்க்க வழி இருந்திருக்க வேண்டும். ஆனால் பெரிய தலைவர்கள் யாரும் பிரைமரியில் இறங்கவில்லை. பதவியில் இருந்தவர்களில் டீன் ஃபிலிப்ஸ் என்ற அதிகம் அறியப்படாத எம்.பி. மட்டும் இறங்கி, தனியாகக் கத்திவிட்டுப் போனார். தென் கரோலினாவில் பைடன் 96 சதவீதம் வாங்கினார். கட்சித் தலைமை அதைப் பார்த்து, கட்சி ஒரே குரலில் இருக்கிறது என்றது. ஜூன் 27 அட்லாண்டா விவாதத்தில் 90 நிமிடத்தில் தலைமைக்குத் தெரிந்தது, வாசற்படியில் நின்ற பெரியவருக்கு இரண்டு வருடம் முன்பே தெரிந்ததுதான். ஜூலை 21ல் பைடன் விலகினார். 92ஐயும் 96ஐயும் பார்த்தவர்கள் 64ஐப் பார்க்கவில்லை.

அதனால் அடுத்த முறை ஒரு கணிப்பைப் படிக்கும்போது, மொத்த ஆதரவு எண்ணை விட்டுவிட்டுச் சொந்தக் கட்சிக்காரர்களில் "மிகவும் ஏற்கிறேன்" என்பவர் எத்தனை, "ஓரளவு ஏற்கிறேன்" என்பவர் எத்தனை என்று பாருங்கள். முதல் எண் குறைந்து இரண்டாவது ஏறினால் கட்சி மாறும் ஆபத்து அதிகமில்லை, வாக்குச்சாவடிக்கு வராமல் போகும் ஆபத்து அதிகம்.

அந்தப் பெரியவருக்கு நான் 1 தான் போட்டேன். செயலியில் எண்ணுக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி இருக்கும், யாரும் அதை நிரப்ப மெனக்கெடுவதில்லை. "வாக்கு உறுதி. 2024க்கு வேறு ஆள் வேண்டும் என்கிறார்" என்று தட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் தள்ளிவிட்டுத் திரையைப் படித்தார். "இது அவர்கள் கைக்குப் போகுமா?" என்று கேட்டார். போகும் என்றுதான் சொன்னேன்.